அயலவர் சமர் நிலைக்க இரு பக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மார்ச் மாதம் வந்துவிட்டால் கொழும்பின் வீதிகளிலும் தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கங்களிலும் பாடசாலைகளுக்கிடையிலான பெருஞ்சமர்கள் எனப்படும் வருடாந்தக் கிரிக்கெட் ஆட்டங்களே நிறைந்திருக்கின்றன. அதே நாள்களில் வாசகர் கடிதப் பகுதியில், வாகனப் பேரணிகளையும், பிற பாடசாலைகளின் மதிலேறிக் குதிக்கும் மாணவர்களையும், மைதானத்துக்கு வெளியே நடக்கும் கைகலப்புகளையும் சுட்டிக்காட்டி, இந்தச் சமர்களைக் கட்டுப்படுத்த வேண்டும், முடிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று கேட்கும் கடிதங்கள் வெளிவருவதையும் வாசித்து வருகிறேன். அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. பாதையில் செல்லும் முதியவரை அச்சுறுத்தும் ஒரு கூட்டத்தை விளையாட்டின் பெயரால் எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அயலவர் இருவருக்கிடையிலான நெடுங்காலப் போட்டியைக் கெடுப்பது மாணவர்களின் ஆரவாரம் என்ற முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. அதை வேரோடு அழிக்கவல்ல ஆபத்து வேறொன்று இருக்கிறது. ஒரு பக்கம் எல்லையின்றி வளர்ந்துகொண்டே போக, மறுபக்கம் எழுந்து நிற்கவும் வலுவின்றிப் போவதே அந்த ஆபத்து. அதைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அயர்லாந்தைச் சேர்ந்தது. தொழில் நிமித்தம் சில ஆண்டுகள் டப்ளின் நகரில் வாழ நேர்ந்தபோது, அங்குள்ளவர்கள் மதம், அரசியல் ஆகியவற்றுக்கு இணையாக மனதில் வைத்துப் போற்றும், கேலிக் (Gaelic) எனப்படும் அயர்லாந்தின் மரபுக் கால்பந்தாட்டத்தை அறிந்துகொண்டேன். அதிலும் டப்ளினுக்கும் அதன் வடமேற்கு அயலிலுள்ள மீத் கவுண்டிக்கும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) இடையிலான போட்டியின் கதையைக் கேட்டபோதெல்லாம் நம் ஊர்ப் பாடசாலைகளின் நினைவே எனக்கு வந்தது.

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள் சொல்ல வேண்டும். ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், ஆனால் நான்கு காலடிகளுக்கு மேல் அப்படியே கொண்டுபோக முடியாது. தரையில் தட்டவோ காலால் உதைத்து மீண்டும் கையில் எடுக்கவோ வேண்டும். கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டத்தின் கீழ் வலைக்குள் அடித்தால் அது கோல், அதற்கு மூன்று புள்ளிகள். சட்டத்தின் மேலாக அடித்தால் ஒரு புள்ளி. ஆகவே 1-12 என்று எழுதினால் ஒரு கோலும் 12 புள்ளிகளும், மொத்தம் 15 என்று பொருள். 2025 முதல், 40 மீற்றர் வளைவுக்கு வெளியிலிருந்து சட்டத்தின் மேலாக அடித்தால் இரண்டு புள்ளிகள் என்ற புதிய விதியும் சேர்ந்திருக்கிறது.

இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தேர்லஸ் என்ற சிற்றூரில் தொடங்கப்பட்டது. இன்றும் அது ஊதியமில்லாத வீரர்களின் சங்கமாகவே இருக்கிறது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆடிய வீரர், திங்கட்கிழமை காலையில் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார், அல்லது பண்ணையில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எந்தக் கழகத்துக்கு ஆடுவது என்பதைப் பெரும்பாலும் அவர் பிறந்து வளர்ந்த பங்கே தீர்மானிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கு எல்லைதான் பல கிராமக் கழகங்களின் எல்லையும். கழகத்தின் வழியாக அவர் தன் கவுண்டிக்கு ஆடுகிறார். கவுண்டியை மாற்றிக்கொள்வதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. பக்கத்து அணியில் கிண்ணம் வெல்லும் வாய்ப்பு அதிகம் என்பதற்காக எவரும் அங்கே போய்ச் சேர முடியாது. தோற்றுக்கொண்டிருக்கும் ஊரில் பிறந்தவர் அந்த ஊருக்காகவே ஆடித் தோற்க வேண்டும், அல்லது அந்த ஊரை வெல்லும் ஊராக மாற்ற வேண்டும். இந்த விதியில்தான் அந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி டப்ளினும் மீத்தும். 1983ஆம் ஆண்டிலிருந்து 1996ஆம் ஆண்டு வரையிலான 14 ஆண்டுகளில் கிழக்கு மாகாணமான லென்ஸ்டரின் கிண்ணத்தை இந்த இரு கவுண்டிகளைத் தவிர வேறெவரும் வெல்லவில்லை. டப்ளின் எட்டு முறை, மீத் ஆறு முறை. ஓர் ஆண்டு இவர்கள், மறு ஆண்டு அவர்கள் என்று மாறி மாறி வந்த அந்தக் காலத்தில், மீத் அணியைப் பயிற்றுவித்தவர் ஷோன் பொய்லன். டப்ளின் எல்லையை ஒட்டிய டன்பொய்ன் என்ற ஊரில், தலைமுறை தலைமுறையாக மூலிகை வைத்தியம் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1982இல் பொறுப்பேற்று 2005 வரை அந்தப் பதவியில் இருந்து, மீத் அணிக்கு நான்கு முறை அகில அயர்லாந்துக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். அவர் பொறுப்பேற்றபோது டப்ளினை வீழ்த்தும் நம்பிக்கை மீத் மக்களிடம் இருக்கவில்லை. 1986இல் அது நடந்தபோது ஒரு தலைமுறையே விழித்துக்கொண்டது.

அந்தப் போட்டியின் உச்சம் 1991. முந்திய ஆண்டு இத்தாலியில் நடந்த உலகக் கிண்ணத்தில் அயர்லாந்துக் கால்பந்து அணி காலிறுதிவரை சென்றிருந்தது. சிறுவர்கள் எல்லோரும் சர்வதேசக் கால்பந்தின் பின்னால் ஓடிவிடுவார்கள், கேலிக் ஆட்டம் முதியோரின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு விடை சொன்னது எந்தச் சுற்றறிக்கையுமல்ல. லென்ஸ்டர் தொடரின் ஆரம்பச் சுற்றில் டப்ளினும் மீத்தும் மோத வேண்டியதாயிற்று; அக்காலத்தில் தோற்ற அணிக்கு மறுவாய்ப்புக் கிடையாது, அன்றோடு அந்த ஆண்டே முடிந்துவிடும். ஜூன் 2ஆம் திகதி ஆட்டம் 1-12க்கு 1-12 எனச் சமநிலையில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து மீண்டும் ஆடினார்கள். மேலதிக நேரம் கொடுத்தும் 1-11க்கு 1-11. மூன்றாம் முறையும் மேலதிக நேரத்தின் முடிவில் மீத் 2-11, டப்ளின் 1-14. கூட்டிப் பார்த்தால் இரண்டும் 17. நான்காம் ஆட்டத்துக்கு முன்னர் பொய்லன் தன் வீரர்களைச் சில நாள்களுக்கு ஸ்கொட்லாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார், ஊர் முழுவதும் ஒரே பேச்சாக இருந்த அந்த அழுத்தத்திலிருந்து அவர்களைச் சற்று விடுவிக்க.

ஜூலை 6ஆம் திகதி நடந்த அந்த நான்காம் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் டப்ளின் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அதற்கு முன்னரே ஆட்டத்தை முடித்துவைத்திருக்கக்கூடிய ஒரு தண்ட உதை டப்ளினுக்குக் கிடைத்து, வெளியே போயிருந்தது. நேரம் முடியும் தறுவாயில் மீத் தன் சொந்தக் கோல் எல்லையிலிருந்து பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி முழு மைதானத்தையும் கடந்து கொண்டுவந்தது. இறுதியில் அதை வலைக்குள் செலுத்தியவர் கெவின் ஃபோலி. அவர் பின்கள வீரர். அதற்கு முன்னர் இத்தொடரில் மீத்துக்காக ஒரு கோலும் அடித்திராதவர். சமநிலை. அடுத்த சில வினாடிகளில் டேவிட் பெகி சட்டத்தின் மேலாக அடித்த ஒரு புள்ளி. மீத் 2-10, டப்ளின் 0-15. நான்கு ஆட்டங்களின் புள்ளிகளையும் ஒருவர் கூட்டிப் பார்த்தால் மீத் 62, டப்ளின் 61 என்று வரும். இந்த நான்கு ஆட்டங்களையும் பார்க்கக் குரோக் பார்க்குக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் பேர். மைதானத்தை எளிதில் நிரப்பிவிட முடியாத ஓர் ஆரம்பச் சுற்றுக்கு இத்தனை பேர் வந்ததற்குக் காரணம், யார் வெல்வார் என்பதை எவராலும் சொல்ல முடியாமல் இருந்ததுதான்.

அந்த ஆண்டு மீத் மொத்தம் பத்து ஆட்டங்கள் ஆடி அகில அயர்லாந்து இறுதிவரை சென்று, அங்கே டவுன் அணியிடம் இரண்டு புள்ளிகளில் தோற்றது. இறுதியில் யார் வென்றார்கள் என்பதைவிட அந்த நான்கு ஆட்டங்களையே மக்கள் இன்னும் பேசுகிறார்கள். டப்ளின்காரர்களும் பேசுகிறார்கள். தோற்ற தரப்பினர் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பெருமையோடு நினைவுகூரும் ஒரு தோல்வியை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆரவாரத்தைப் பற்றிக் கவலைப்படும் அன்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த மைதானங்களில் இரு அணிகளின் இரசிகர்களைப் பிரித்து அமர்த்தும் வழக்கம் இல்லை. நீல மேலாடை அணிந்த டப்ளின்காரரும் பச்சையும் மஞ்சளும் அணிந்த மீத்காரரும் அடுத்தடுத்த இருக்கைகளில், பல வேளைகளில் ஒரே குடும்பத்தவராக, உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகளத்தில் கைகலப்பு நடப்பதுண்டு. அந்த ஆட்டம் மென்மையானதல்ல. ஆனால் இருக்கையில் பக்கத்தில் இருப்பவர் பகைவர் அல்லர், அயலவர் என்ற எண்ணம் அங்கே சட்டத்தால் வந்ததல்ல. ஒன்றாக உட்கார்ந்து பார்த்துப் பழகியதால் வந்தது. நம் பெருஞ்சமர்களில் ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனிக் கூடாரங்கள் அமைத்து, நடுவே பொலிஸாரை நிறுத்திவிட்டு, ஏன் மோதல் நடக்கிறது என்று கேட்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இனிச் சொல்லப்போவது இந்தக் கதையின் துயரமான பகுதி. 2005 முதல் 2024 வரையிலான இருபது ஆண்டுகளில் லென்ஸ்டர் கிண்ணத்தை டப்ளின் 19 முறை வென்றது. அவற்றுள் 2011இலிருந்து 2024 வரை தொடர்ந்து 14 முறை. முன்னர் இருவர் பகிர்ந்துகொண்ட அதே 14 ஆண்டுகள், இப்போது ஒருவருக்கு மட்டும். 2015இலிருந்து 2020 வரை தொடர்ந்து ஆறு முறை அகில அயர்லாந்துக் கிண்ணமும் டப்ளினுக்கே. 2019 மாகாண இறுதியாட்டத்தில் டப்ளின் 1-17 அடித்தபோது மீத் அடித்தது வெறும் நான்கு புள்ளிகள். அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் 3-21க்கு 0-9. வித்தியாசம் 21 புள்ளிகள்.

இதற்குக் காரணங்கள் மறைவானவை அல்ல. 2022 குடிசன மதிப்பீட்டின்படி டப்ளினின் மக்கள்தொகை ஏறத்தாழ 14 இலட்சத்து 50 ஆயிரம். மீத்தினுடையது 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவில். 2000களின் நடுப்பகுதியிலிருந்து டப்ளினின் இளையோர் பயிற்சிக்கென்று ஏனைய கவுண்டிகளுக்குக் கிடைக்காத அளவு பணம் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டு, கழகங்கள்தோறும் முழுநேரப் பயிற்றுநர்கள் அமர்த்தப்பட்டார்கள். பெருநிறுவனங்களின் அனுசரணையும் தலைநகரையே நாடிச் சென்றது. முக்கிய ஆட்டங்கள் எல்லாம் குரோக் பார்க்கில் நடந்ததால், டப்ளின் தன் வீட்டு முற்றத்திலேயே ஆடியது. இப்படி நடக்கும் என்று முன்னரே எண்ணியோ என்னவோ, 2002இலேயே சங்கத்தின் மீளாய்வுக் குழு டப்ளினை வடக்கு, தெற்கு என இரு அணிகளாகப் பிரிக்கலாம் என்று பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை.

டப்ளின் வீரர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த ஆறு கிண்ணங்களை வென்ற அணியின் ஒழுக்கமும் ஆட்டத்திறனும் எந்த நாட்டு விளையாட்டு வீரருக்கும் பாடமாகத்தக்கவை. பொய்லன் விலகிய பின்னர் மீத் நிர்வாகம் தன் இளையோர் அணிகளைப் பேணத் தவறியதும் உண்மை. ஆனால் விளைவு என்னவாயிற்று என்பதையே நாம் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் கோடைகாலமே இவ்விரு அணிகளின் ஆட்டத்தோடுதான் தொடங்கியது என்று சொல்லப்பட்ட மாகாணத்தில், சில ஆண்டுகளில் இறுதியாட்டத்துக்குக்கூட மைதானத்தின் பாதி நிரம்பவில்லை. டப்ளின் இரசிகர்களே வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். வெற்றி உறுதி என்று தெரிந்த ஆட்டத்துக்கு எவர் பணம் கொடுத்து வருவார்? அந்த மைதானங்களைக் காலியாக்கியது எந்தக் கைகலப்புமல்ல. ஒரு பக்கத்தின் மிதமிஞ்சிய பலமே.

மீத்தின் பெண்கள்தான் முதலில் இந்த உறக்கத்தைக் கலைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. இரண்டாம் தரத் தொடரை 2020இல் வென்று மேலே வந்த மீத் பெண்கள் அணி, அடுத்த ஆண்டே அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில், தொடர்ந்து ஐந்தாவது கிண்ணத்தை எதிர்நோக்கியிருந்த டப்ளின் பெண்களை 1-11க்கு 0-12 என்று வென்றது. 2022இலும் கிண்ணம் அவர்களுக்கே. அந்த அணியின் முன்னணி வீராங்கனை விக்கி வோலும் பொய்லனின் ஊரான டன்பொய்னைச் சேர்ந்தவர்தான்.

ஆண்கள் அணிக்கு 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மாகாண அரையிறுதி குரோக் பார்க்கில் நடக்காமல், பொதுவான இடமாகிய போர்ட்லீஷ் நகரில் நடந்தது. மீத் 0-23, டப்ளின் 1-16. 2010இல் 5-9க்கு 0-13 என்று வென்ற பின்னர் இத்தொடரில் டப்ளினுக்கு எதிராக மீத் பெற்ற முதல் வெற்றி அது. மீத் இறுதியாட்டத்தில் வென்றிருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இறுதியில் அதை வென்றது மீத்தின் மற்றோர் அயல் கவுண்டியான லௌத். அயர்லாந்தின் மிகச் சிறிய கவுண்டி. 2010 இறுதியாட்டத்தில், கடைசி நிமிடத்தில் நடுவரின் தவறான தீர்ப்பால் அனுமதிக்கப்பட்ட ஒரு கோலால் இதே மீத்திடம் கிண்ணத்தை இழந்த அதே லௌத். 1957க்குப் பிறகு முதன்முறையாக 2025இல் 3-14க்கு 1-18 என்ற கணக்கில் அதே மீத்தை வென்று கிண்ணத்தைக் கொண்டுசென்றது. ஆண்டாண்டாக ஒருவருக்கென்றே எழுதிவைக்கப்பட்டிருந்த கிண்ணம், வாசலைச் சற்றுத் திறந்துவிட்டதும் எத்தனை பேருக்கு எட்டக்கூடியதாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்ட முடியாது.

இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவது நம் நாட்டை மனதில் வைத்துத்தான். இங்கே றோயல், புனித தோமஸ் கல்லூரிகளின் சமர் 1879இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமர், போர்க்காலத்தின் இடைவெளிகளையும் தாண்டி நிலைத்திருக்கிறது. அந்தச் சமரைக் காணக் கொழும்பிலிருந்து இரவு ரயில் ஏறிச் செல்லும் பழைய மாணவர்கள் இன்றும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருக்கிறார்கள். இவை போன்ற பெயர்பெற்ற சமர்களுக்கு ஆதரவாளர்களும் அனுசரணையாளர்களும் எப்போதும் இருப்பார்கள். நான் கவலைப்படுவது அவற்றின் நிழலில் நடக்கும் சிறிய சமர்களைப் பற்றி: மலையகத்தில் ஒரே பள்ளத்தாக்கின் இரு பக்கத்திலும் இருக்கும் இரு பாடசாலைகள், கிழக்கில் ஒரே வாவியின் இரு கரைகளில் இருக்கும் இரு பாடசாலைகள், வன்னியில் போருக்குப் பின்னர் மீண்டும் கூரை வேய்ந்த இரு பாடசாலைகள் என்று, தமக்குள் மட்டும் பெரிதாகக் கருதி ஆடிவரும் சமர்கள்.

அந்தப் பாடசாலைகளில் ஒரு வேகப்பந்து வீச்சாளரோ ஓட்ட வீரரோ உதைபந்தாட்டக்காரரோ உருவாகிவிட்டால், சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், சில வேளைகளில் அதற்கு முன்னரே, நகரத்துப் பிரபல பாடசாலை ஒன்றின் அழைப்பு வந்துவிடுகிறது. விடுதி வசதி, பாதணி, பயிற்சி, எதிர்காலத்தில் வேலைவாய்ப்பு என்று எல்லாம் கிடைக்கிறது. அந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு தாய் தன் மகனுக்குக் கிடைத்த வாசலை ஏன் மூட வேண்டும்? என் கேள்வி அழைக்கும் தரப்பிடம் மட்டுமே. அந்தப் பிள்ளை போன பிறகு, வெறும் மண் தரையில் மாலைதோறும் தன் சொந்தப் பணத்தில் பந்து வாங்கிப் பயிற்சியளித்த ஆசிரியருக்கும், அவன் பின்னால் வரவிருந்த பத்துச் சிறுவர்களுக்கும் என்ன மிஞ்சுகிறது? ஓரிரு ஆண்டுகள் சமர் ஒருதலையாக முடிகிறது. பிறகு எதிர்ப் பாடசாலைக்கு ஆர்வம் குறைகிறது. பிறகு ஒரு ஆண்டு மழையென்றும் மறு ஆண்டு பரீட்சையென்றும் சொல்லி ஆட்டம் தள்ளிப்போகிறது. அதன் பின்னர் எவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. இப்படி நின்றுபோன சமர்களை நம் வாசகர்களில் பலர் தத்தம் ஊர்களிலேயே கண்டிருப்பார்கள். வீரனை எடுத்துக்கொண்ட பாடசாலைக்கும் இதனால் நீண்டகால நன்மை இல்லை. ஊற்றுகள் வற்றிய பின்னர் ஆற்றுக்கு எங்கிருந்து நீர் வரும்?

மாணவர் இடமாற்றத்தைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அயர்லாந்தின் பங்கு விதியை அப்படியே இங்கு நடைமுறைப்படுத்த முடியாது. நம் நாட்டில் பாடசாலை என்பது முதலில் கல்விக்கான இடம், பிள்ளையின் கல்வியை ஒரு விளையாட்டு விதிக்காகப் பணயம் வைக்கலாகாது. ஆனால் கல்விக்காக மாறுவது வேறு, ஒரு சமரில் வெல்வதற்காக ஆளெடுப்பது வேறு. இருக்கும் சுற்றறிக்கைகள் எவையாயினும், கல்வி அமைச்சும் பாடசாலை விளையாட்டுச் சங்கங்களும் சேர்ந்து, உயர்தர வகுப்புக்கு விளையாட்டுத் திறனை வைத்துச் சேர்க்கப்படும் மாணவர், சேர்ந்த முதல் ஆண்டில் பெருஞ்சமரில் ஆடக்கூடாது என்ற விதியைக் கண்டிப்பாக நிலைநாட்டலாம். பாடம் படிக்கட்டும், பயிற்சி பெறட்டும், ஏனைய போட்டிகளில் ஆடட்டும்; சமரில் மட்டும் ஓராண்டு பொறுத்திருக்கட்டும். ஒரு பருவத்துக்காக மட்டும் ஆளெடுக்கும் வழக்கம் அதனால் பெருமளவு குறையும் என்று நம்புகிறேன்.

அதைவிட முக்கியமானது திருப்பிக் கொடுத்தல். ஒரு பாடசாலையிலிருந்து வீரர் ஒருவரைப் பெற்றுக்கொள்ளும் பாடசாலை, அவரை உருவாக்கிய பாடசாலைக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைப் பணமாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பயிற்றுநரை விடுமுறையில் அங்கே அனுப்பலாம். பயிற்சி வலைகளும் தரை விரிப்பும் வாங்கிக் கொடுக்கலாம். ஆண்டுக்கொரு முறை தன் அணியை அங்கே அழைத்துச் சென்று அந்த மண் தரையில் ஆடலாம். றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக ஆடும் றக்பி ஆட்டங்களில், ஒன்று கண்டியிலும் மற்றது கொழும்பிலும் நடந்து, இரண்டின் புள்ளிகளும் கூட்டப்பட்டே வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. எவருடைய முற்றமும் எவருக்கும் நிரந்தரச் சாதகமாகிவிடாத அந்த ஏற்பாடு நம் நாட்டிலேயே இருக்கும்போது, மாகாணப் பாடசாலைகள் மட்டும் எப்போதும் பேருந்து பிடித்துக் கொழும்புக்கே வர வேண்டும் என்பது ஏன்?

பழைய மாணவர் சங்கங்களின் அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து தங்கள் பாடசாலைக்குப் பணம் அனுப்புகிறீர்கள். அது பெரும் தொண்டு. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை உங்கள் எதிர்ப் பாடசாலையின் மைதானத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் எதிரில் வலுவான அணி இல்லாத சமரை வென்று என்ன பெருமை? டப்ளின் இரசிகர்கள் தம் 14 தொடர் வெற்றிகளைப் பற்றிப் பேசுவதைவிட, ஒரு புள்ளியில் தோற்ற 1991ஐப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள் என்பதை நான் என் காதால் கேட்டவன். பெண் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் இதே அக்கறை வேண்டும். அங்கே சமர்கள் இப்போதுதான் வேர்விடுகின்றன, தொடக்கத்திலேயே ஒருதலையாக விட்டுவிடக் கூடாது.

இறுதியாகத் தங்களிடம், ஆசிரியர் அவர்களே. பெரிய சமர்களுக்கு நீங்கள் முழுப் பக்கம் ஒதுக்குவதை நான் குறைகூறவில்லை. வாசகர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அதே வாரத்தில் நடக்கும் சிறிய அயல் பாடசாலைச் சமர்களின் முடிவு இரண்டு வரியில்கூட வெளிவராமல் போவதுண்டு. தங்கள் பிரதேச நிருபர்கள் அந்த ஆட்டங்களுக்கும் செல்ல வேண்டும். அங்கே ஆடும் பிள்ளைகளின் பெயர்கள் ஒரு தடவையேனும் அச்சில் வர வேண்டும். இதோடு இன்னொன்றும் செய்ய முடியும். வருகிற பருவத்திலிருந்து, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நடக்கும் எந்தப் பெருஞ்சமரின் அணிவிவரத்தை வெளியிடும்போதும், ஒவ்வொரு வீரரின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் முதன்முதலில் பந்தைக் கையிலெடுத்த பாடசாலையின் பெயரையும் சேர்த்து வெளியிடுங்கள். அந்தப் பெயரைத் தேடி எடுப்பது தங்கள் நிருபர்களுக்குச் சிறிது வேலைதான். ஆனால் அந்தச் சிறிய பாடசாலையின் அறிவித்தல் பலகையில் அந்தப் பத்திரிகைத் துண்டு ஒட்டப்படும்.

இங்ஙனம்,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்,
கொழும்பு 06.